செபமும் செந்தமிழும் – வீரமாமுனிவர்

கல்வராயன் மலையில் பெய்கின்ற மழை பல ஓடைகளாக இறங்கி வருகிறது. அவ்வாறு பிறக்கும் ஆறுகளுள் ஒன்று மணிமுக்தா. நம் கள்ளக்குறிச்சிச் சீமையின் வயல்களுக்கு நீர் வார்த்துவிட்டு, அது கிழக்கே சென்று விருத்தாசலத்தைத் தொட்டு, பின் வெள்ளாற்றில் கலக்கிறது. அந்த விருத்தாசலத்துக்கு அருகில்தான் கோணான்குப்பம் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே பெரியநாயகி அன்னையின் திருத்தலம் உள்ளது. ஆண்டுதோறும் சனவரி மாதத் திருவிழாவுக்கு எங்கள் ஊரிலிருந்து பலரும் செல்வார்கள். நானும் சிறு வயது முதல் எங்கள் ஆயாவின் கைபிடித்துச் சென்று வந்திருக்கிறேன். ஆனால் அத்தலத்தை எழுப்பிய மாமனிதரைப் பற்றி இவ்வாண்டுதான் சற்று விரிவாக அறிந்துகொண்டேன். அவரே வீரமாமுனிவர்.

அன்புத் தோழியரே! நம் பாடநூலில் அவர் பெயரைப் படித்திருக்கிறோம். நூல்களின் பெயர்களை மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறோம். ஆனால் அவர் வாழ்க்கை முழுவதும் நன்றியும் செபமுமாக இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தோமா?

இத்தாலி நாட்டில் காஸ்திலியோனே என்றோர் ஊர். இளைஞர்களின் பாதுகாவலரான புனித ஞானப்பிரகாசியார் பிறந்த ஊரும் அதுவே. அவ்வூரில் 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் கொன்ஸ்டான்சோ ஜோசப் பெஸ்கி பிறந்தார். 1698-ஆம் ஆண்டு இயேசு சபையில் சேர்ந்தார். 1709-ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்றார். கற்ற கல்விக்கு இத்தாலியிலேயே பெரும் பதவிகள் கிடைத்திருக்கும். அவரோ கீழ்த்திசைக்குச் செல்ல விரும்பினார். அக்காலத்தில் சூயஸ் கால்வாய் கிடையாது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டுதான் கப்பல்கள் வரவேண்டும். புயல், நோய், தண்ணீர்ப் பஞ்சம் எல்லாவற்றுக்கும் துணிந்தவர்களே அப்பயணத்தை மேற்கொண்டனர். பெஸ்கி 1710-ஆம் ஆண்டு கோவாவில் வந்து இறங்கி, 1711-ஆம் ஆண்டு மதுரை மறைத்தளத்திற்குள் அடியெடுத்து வைத்தார். அப்போது அவருக்கு வயது முப்பது.

மதுரை மறைத்தளம் என்பது மதுரை நகரம் மட்டுமன்று. தமிழகத்தின் உள்நாட்டுப் பகுதிகள் பலவும் அதில் அடங்கியிருந்தன. அங்கே பணிக்கு வருவது உயிரைப் பணயம் வைப்பதற்கு ஒப்பாகும். புனித அருளானந்தர் ஓரியூரில் தலை வெட்டுண்டு வேதசாட்சியாக மரித்தது 1693-ஆம் ஆண்டில்தான். அதற்குப் பின் பதினெட்டே ஆண்டுகள் கழிந்திருந்தன. அச்செய்தி தெரிந்தும் பெஸ்கி பின்வாங்கவில்லை. தம் பெயரின் பொருளையே தமிழாக்கித் தைரியநாதர் என்று வைத்துக்கொண்டார். காவி உடை உடுத்தினார். மரக்கறி உணவு உண்டார். தமிழ்நாட்டுத் துறவிகளைப் போலவே வாழ்ந்தார். பிற்காலத்தில் மக்கள் அவரை வீரமாமுனிவர் என்று அழைத்தனர்.

வந்த சில ஆண்டுகளிலேயே சோதனை வந்தது. 1714, 1715-ஆம் ஆண்டுகளில் எதிர்ப்பாளர்களால் அவர் சிறைப்பட்டார். மரண தண்டனையும் விதிக்கப்பட்டது. இறையருளால் உயிர் தப்பினார். தோழியரே, நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? அடுத்த கப்பலில் ஏறி ஊர் போய்ச் சேர்ந்திருப்போம் அல்லவா? அவர் அவ்வாறு செய்யவில்லை. தமக்கு மரண ஓலை எழுதப்பட்ட நாட்டின் மொழியையே தொடர்ந்து கற்றார். தமிழ்ப் புலவர்களிடம் மாணவராக அமர்ந்து இலக்கண இலக்கியங்களைப் பயின்றார். சுப்ரதீபக் கவிராயர் அவருடைய ஆசிரியர் என்பது மரபு. மீண்டும் கிடைத்த உயிரை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. இறைவனுக்கும் இந்நாட்டு மக்களுக்கும் கொடுத்துவிட்டார். நன்றி என்பது வாயால் சொல்லும் சொல் மட்டுமன்று, வாழ்ந்து காட்டும் செயல் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

இங்கே நான் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு எங்கள் பக்கம் பருவமழை தவறியது. அப்பா நட்ட மரவள்ளி பாதி காய்ந்தது. மீதிக்கும் நல்ல விலை கிடைக்கவில்லை. ஆயினும் ஆயா ஒவ்வோர் இரவும் எங்களை முழங்காலில் இருத்திச் செபமாலை சொல்லவைத்து, இறுதியில் நன்றிச் செபமும் சொல்லச் சொல்வார்கள். எனக்குக் கோபம் வந்தது. காய்ந்த கொல்லைக்கு எதற்கு நன்றி என்று எண்ணினேன். வாய் செபித்தது, மனம் செபிக்கவில்லை. சில நாள் தலைவலி என்று பொய் சொல்லிப் படுத்தும் கொண்டேன். அந்த நேரத்தில்தான் இம்முனிவரின் வரலாறு என் கையில் கிடைத்தது.

இயேசு சபைத் துறவிகளுக்கு ஆத்தும சோதனை என்றொரு பயிற்சி உண்டு. அச்சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தந்த முறை அது. நாள்தோறும் தம் உள்ளத்தைத் தாமே ஆராய்ந்து பார்க்க வேண்டும். அதில் முதற்படி எது தெரியுமா? குற்றங்களை எண்ணுவதன்று, தேவைகளைக் கேட்பதுமன்று. பெற்றுக்கொண்ட நன்மைகளுக்காக இறைவனுக்கு நன்றி கூறுவதே முதற்படி! அதன் பின்னரே மற்றவை. வீரமாமுனிவர் பதினெட்டாம் வயதில் சபை புகுந்தது முதல் இப்பயிற்சியில் வளர்ந்தவர். ஓடுகிற ஆற்றுக்கு ஊற்று எங்கோ மலையில் இருப்பது போல, அவர் செய்த பெரும்பணிகளுக்கெல்லாம் ஊற்று இந்த அன்றாடச் செபத்தில் இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

தாம் செபித்தால் போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. அக்காலத்தில் குருக்கள் மிகச் சிலர். ஊர்களோ பல. ஓர் ஊருக்குக் குருவானவர் வந்து திருப்பலி நிறைவேற்றிச் சென்றால் மறுபடியும் வர நெடுநாள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் மக்களைக் கூட்டிச் செபம் சொல்லிக் கொடுத்தவர்கள், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பித்தவர்கள், நோயாளிகளைப் பார்த்தவர்கள் யார்? உபதேசியார்களே. அவர்களுக்கு வேதியர் என்று பெயர். இவர்கள் நல்வழியில் நிற்க வேண்டும் என்பதற்காக முனிவர் வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலை எழுதினார். கூரை வேய்ந்த சிறு கோயில்களில் மாலை நேரச் செபம் அணையாமல் காத்தவர்கள் பெயர் தெரியாத அந்த வேதியர்கள். அவர்களுக்குக் கைவிளக்காய் அமைந்தது அந்நூல்.

இனி கோணான்குப்பத்துக்கு வருவோம். அவ்வூரில் வழிவழியாகக் கூறப்படும் செய்தி ஒன்று உண்டு. முனிவர் அப்பகுதிக் காட்டு வழியே வந்தபோது, தாம் கொண்டுவந்த மாதா சுரூபத்தைத் தவறவிட்டாராம். மாடு மேய்த்த சிறுவர்கள் அதைக் கண்டெடுத்தார்களாம். முகாசாபரூர்ப் பாளையக்காரரான கச்சிராயர் பிள்ளையின்றி வருந்தியவர். அன்னையின் அருளால் அவருக்கு மகப்பேறு கிடைக்க, அந்த நன்றிக்காகச் சிறு கோயில் ஒன்று கட்டினாராம். பின்னர் வந்த முனிவர் அதைக் கண்டு மகிழ்ந்து, அங்கேயே பெரிய ஆலயம் எழுப்பினார் என்பர். அன்னைக்கு அவர் சூட்டிய பெயர் பெரியநாயகி. அந்தப் பக்கத்து மக்களுக்கு மிகவும் பழகிய பெயர் அது. உடையோ தமிழ்ப் பெண்ணின் உடை. தேவதாய் நம் வீட்டுத் தாயாகவே நிற்கிறாள். கொள்ளிடக் கரையை அடுத்த ஏலாக்குறிச்சியில் அவர் அடைக்கல அன்னைக்கு ஆலயம் எழுப்பினார். அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார்.

அவருடைய வழிபாட்டின் மணிமுடி தேம்பாவணி. 3 காண்டங்கள், 36 படலங்கள், 3,615 பாடல்கள் கொண்ட பெருங்காப்பியம். பாட்டுடைத் தலைவர் யார்? அரசரா, போர்வீரரா? இல்லை. நாசரேத்தூர்த் தச்சரான புனித சூசையப்பர்! முனிவர் அவரை வளன் என்று அழைக்கிறார். நற்செய்தி நூல்களில் சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. கனவில் கேட்டதை எழுந்து செய்தார், உளி பிடித்து உழைத்தார், தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட தாயையும் சேயையும் காத்தார். பேசாத அந்தத் தச்சருக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களால் மாலை சூட்டியவர் நம் முனிவர். எங்கள் அப்பாவும் அதிகம் பேசமாட்டார். கோயிலில் கடைசி வரிசையில்தான் நிற்பார். தேம்பாவணியைப் பற்றி அறிந்த பிறகு அவருடைய மௌனமும் ஒரு செபமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

தமிழுக்கு அவர் செய்த பணிகள் எண்ணற்றவை. ஐந்திலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கம் இயற்றினார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவுகளுடைய சதுரகராதியை 1732-ஆம் ஆண்டு தொகுத்தார். நாம் சிரித்து மகிழும் பரமார்த்த குரு கதையும் அவருடையதே. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். பேச்சுத் தமிழுக்கு அவர் இலத்தீனில் எழுதிய இலக்கணம் 1738-ஆம் ஆண்டு அச்சேறியது. அதை அச்சிட்டவர்கள் யார் என்று அறிந்தபோது வியந்தேன். தரங்கம்பாடி லுத்தரன் சபையார்! சமயக் கொள்கையில் முனிவருக்கும் அவர்களுக்கும் கடும் வாதப் போர் நடந்தது. இரு தரப்பிலும் எழுத்தில் காரம் இருந்தது. ஆயினும் நல்ல நூல் என்று கண்டு அவர்கள் அதை அச்சிட்டார்கள். வாதத்தையும் மீறி நன்மையை ஏற்கும் மனமும் நன்றியின் ஒரு வகை அன்றோ!

எல்லாவற்றினும் என் நெஞ்சைத் தொட்டது எழுத்துச் சீர்திருத்தம். முற்காலத்தில் எகர ஒகரக் குறில்களுக்கு மேலே புள்ளி இடுவது வழக்கம். நெடிலுக்குப் புள்ளி இல்லை. ஆனால் பனையோலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். ஆகவே பெரும்பாலும் புள்ளியை விட்டுவிடுவார்கள். அதனால் பெறு என்பதும் பேறு என்பதும், கொடி என்பதும் கோடி என்பதும் ஒன்றுபோலவே தோன்றும். படிப்பவர் இடம் பார்த்து ஊகித்துக்கொள்ள வேண்டும். முனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்தார். இன்று நாம் எழுதும் ஏ, ஓ என்ற எழுத்துகளும், இரட்டைச் சுழிக் கொம்பும் அவ்வழியில் வந்தவையே.

எங்கள் ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. செபங்கள் அனைத்தும் காதால் கேட்டு மனத்தில் பதித்தவை. இக்கோடை விடுமுறையில் பழைய செபப் புத்தகத்தை வைத்து அவர்களுக்கு எழுத்துக் கற்றுக் கொடுக்கத் தொடங்கினேன். செபம் என்ற சொல்லில் ஒற்றைச் சுழிக் கொம்பு. சேசு என்ற பெயரில் இரட்டைச் சுழிக் கொம்பு. ஆயா விரலால் அந்தச் சுழியைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். இந்தச் சிறு சுழியைத் தந்தவர் கோணான்குப்பத்துக் கோயிலைக் கட்டிய சாமியார்தான் என்று சொன்னேன். ஆயா உடனே சிலுவை அடையாளம் வரைந்து அவருடைய ஆன்மாவுக்காக ஓர் அருள்நிறை மந்திரம் சொன்னார்கள். இருநூற்று எழுபது ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒருவருக்கு எங்கள் திண்ணையிலிருந்து ஒரு நன்றி!

போர்க் குழப்பங்கள் மிகுந்த பிற்காலத்தில் முனிவர் தென்கோடிக்குச் சென்றார். இறுதியில் கேரளத்து அம்பழக்காட்டில் 1747-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அருளானந்தர் வேதசாட்சியாக மரித்ததும் ஒரு பிப்ரவரி 4-ஆம் நாளில்தான். ஒருவர் நொடிப்பொழுதில் குருதி சிந்தி உயிரைக் கொடுத்தார். மற்றவர் முப்பத்தாறு ஆண்டுகள் வியர்வை சிந்தித் துளித்துளியாகக் கொடுத்தார். 1968-ஆம் ஆண்டு சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்துத் தமிழகம் தன் நன்றியைச் செலுத்தியது.

தோழியரே! நாம் செபிக்கும்போது முதலில் என்ன சொல்கிறோம்? தேர்வில் மதிப்பெண் தாரும், மழை தாரும், உடல் நலம் தாரும் என்று பட்டியல் போடுகிறோம். கேட்பது தவறன்று. கேட்கச் சொன்னவர் நம் ஆண்டவரே. ஆனால் இஞ்ஞாசியார் காட்டிய வரிசையில், நன்றியை முன்னே வைத்துப் பார்ப்போமே! இப்போது நான் இரவு செபத்தில் அன்றைய நாளில் பெற்ற மூன்று நன்மைகளை முதலில் எண்ணிக்கொள்கிறேன். முதல் நாள் மூன்றைக் கண்டுபிடிக்கவே தடுமாறினேன். அப்பா களைத்து வந்தும் எனக்காக விளக்கருகே உட்கார்ந்திருந்தது ஒன்று. காய்ந்த கொல்லையிலும் வீட்டுக்குப் போதுமான கிழங்கு கிடைத்தது ஒன்று. ஆயா ஓர் எழுத்தைத் தாமே படித்தது ஒன்று. மழை அன்றும் பெய்யவில்லை. ஆனால் பொய்த் தலைவலி எனக்கு வரவில்லை.

மரணத்தின் வாயிலிலிருந்து மீண்டு, வேற்று நாட்டைத் தம் நாடாக்கி, செபத்தையும் செந்தமிழையும் இரு கண்களாகப் போற்றிய வீரமாமுனிவரின் வழியில், நாமும் நாள்தோறும் நன்றியோடு செபித்து, பெற்ற நன்மையைப் பிறர்க்கும் பகிர்ந்து வாழ்வோமாக!

– பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி