மதிலுக்கு அப்பால் பார்த்த குரு



கட்டுமாவடி, மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் என்று நீளும் நமது புதுக்கோட்டைக் கடற்கரையில் வாழ்பவர்களுள் எத்தனை பேர் ஆவுளியாவைக் கண்ணால் கண்டிருக்கிறோம்? புத்தகங்கள் கடல்பசு என்று அழைக்கும் இந்த விலங்கு நம் பாக் விரிகுடாவில்தான் மேய்கிறது. ஆனால் வாழ்நாள் முழுவதும் கடலுக்குப் போய்வந்தவர்கள்கூட அதை அரிதாகவே பார்த்திருப்பார்கள். வண்டலூருக்குப் போனாலும் பார்க்க முடியாது. 1959-இல் மண்டபத்தில் ஒரு சோடியைத் தொட்டியில் வைத்துப் பராமரித்தார்கள். நாளொன்றுக்கு 30, 40 கிலோ கடற்புல் தின்னும் விலங்கைத் தொட்டியில் வளர்ப்பது எளிதல்ல. எனவே உலகிலேயே மிகச் சில காட்சியகங்களில்தான் அது இருந்திருக்கிறது.

அழியும் நிலையிலுள்ள ஓர் உயிரினத்தை அடைத்து வைத்துக் காப்பாற்ற முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடும்போது ஒரு கத்தோலிக்கக் குருவின் வாழ்வு நம் நினைவுக்கு வருகிறது. அவர்தான் அருட்தந்தை ஆர்மாண்ட் டேவிட்.

1826 செப்டம்பர் 7 அன்று, பிரான்சு நாட்டின் பாஸ்க் பகுதியிலுள்ள எஸ்பெலெத் என்ற ஊரில் அவர் பிறந்தார். தந்தை மருத்துவர். செடி, கொடி, பறவை, பூச்சி ஆகியவற்றின் மீதான ஆர்வத்தைத் தந்தையிடமிருந்தே கற்றுக்கொண்டார். 1848-இல் புனித வின்சென்ட் தே பவுல் நிறுவிய மறைபரப்புச் சபையில் சேர்ந்தார். சீனாவுக்குப் போக வேண்டும் என்பது அவரது ஆசை. சபையோ அவரை இத்தாலியின் சவோனா நகரில் ஆசிரியராக நியமித்தது. கீழ்ப்படிந்து அங்கே ஏறக்குறைய பத்து ஆண்டுகள் அறிவியல் கற்பித்தார். 1862-இல்தான் பீக்கிங் போய்ச் சேர்ந்தார். அங்கும் பள்ளிப் பணியோடு, பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக உயிரினங்களைச் சேகரித்து அனுப்பும் பொறுப்பும் அவருக்குக் கிடைத்தது.

பீக்கிங்குக்குத் தெற்கே பேரரசரின் வேட்டைப் பூங்கா இருந்தது. சுற்றிலும் உயர்ந்த மதில், படைவீரர் காவல், அந்நியருக்கு அனுமதி இல்லை. 1865-இல் ஒருநாள் அருட்தந்தை அந்த மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். உள்ளே விசித்திரமான மான் கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. மானின் கொம்பு, ஒட்டகத்தின் கழுத்து, மாட்டின் குளம்பு, கழுதையின் வால்; ஆனால் இந்த நான்கில் எதுவுமில்லை என்று சீன மக்கள் அதைச் சொல்வார்கள். காட்டில் அந்த இனம் எப்போதோ மறைந்துவிட்டது. மிஞ்சியிருந்தது அந்த மதிலுக்குள் மட்டுமே. காவலர்களின் கையில் பணம் கொடுத்துத்தான் தோலும் எலும்பும் பெற்று 1866-இல் பாரிசுக்கு அனுப்பினார் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. அறிவியல் உலகம் அந்த மானுக்கு அவர் பெயரையே சூட்டியது. பின்னர் உயிருள்ள மான்கள் சிலவும் ஐரோப்பிய விலங்குக் காட்சிசாலைகளுக்குப் போயின.

1869-இல் சிச்சுவான் மலைப்பகுதியில் ஒரு நில உரிமையாளர் வீட்டில் கறுப்பு வெள்ளைத் தோல் ஒன்றைக் கண்டார். வேட்டைக்காரர்கள் கொண்டுவந்த விலங்கை ஆராய்ந்து, பாண்டாவைப் பற்றி மேலைநாட்டு அறிவியலுக்கு முதன்முதலில் தெரிவித்தவர் அவரே. அன்று உயிரினங்களை அறிவதற்குத் தோலும் எலும்பும் தேவைப்பட்டன. அவரும் தம் காலத்து மனிதர்தான். ஆயினும் போகும் வழியெல்லாம் காடுகள் வெட்டப்படுவதைக் கண்டு வருந்தித் தம் நாட்குறிப்பில் பதிவு செய்தார். உடல்நலம் குன்றி 1874-இல் பிரான்சு திரும்பினார்.

1895-இல் பெருவெள்ளம் வந்து பூங்காவின் மதிலை உடைத்தது. வெளியேறிய மான்களைப் பசியால் வாடிய மக்கள் கொன்று உண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. எஞ்சியவையும் 1900-ஆம் ஆண்டுப் போர்க் கலவரத்தில் அழிந்தன. அதே 1900-இல், நவம்பர் 10 அன்று, அருட்தந்தை பாரிசில் இறைவனடி சேர்ந்தார்.

கதை அத்துடன் முடியவில்லை. ஐரோப்பியக் காட்சிசாலைகளில் சிதறிக் கிடந்த மான்களுள் 18-ஐ இங்கிலாந்தின் பெட்போர்டு கோமகன் தம் வோபர்ன் பண்ணையில் ஒன்றுசேர்த்தார். இன்று உலகிலுள்ள அந்த இன மான்கள் அனைத்தும் அந்தச் சிறு மந்தையின் வழிவந்தவையே. 1985-இல் அவற்றுள் 20 மான்கள் பீக்கிங்கின் அதே பழைய பூங்காவுக்குத் திரும்பின. இப்போது சீனாவில் பல ஆயிரம் மான்கள் இருக்கின்றன.

ஆம், மதில் ஓர் இனத்தைக் காப்பாற்றியது. நோவாவின் பேழையும் அப்படித்தான். ஆனால் பேழையிலேயே குடியிருக்க எந்த உயிரும் படைக்கப்படவில்லை. வெள்ளம் வடிந்தபின் கால் பதிக்க நிலம் வேண்டும். மான் திரும்பிவர ஒரு பூங்கா மிச்சம் இருந்தது.

நம் ஆவுளியாவுக்கோ பேழையும் இல்லை. அதற்குக் கடல் ஒன்றே வீடு. மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஒரு குட்டி ஈனும். மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய அது வலையில் சிக்கினால் சில நிமிடங்களில் இறந்துவிடும். அதனால்தான் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் கடல்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது.

அந்தப் பாதுகாப்பகத்துக்கு மதில் இல்லை. காவல் நம் மீனவர் கையில்தான் இருக்கிறது. கடன்பட்டு வாங்கிய வலையை அறுத்து ஆவுளியாவை விடுவது சிறிய காரியமல்ல. அது ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு. அப்படி விட்டவர்களை வனத்துறை பாராட்டிப் பரிசளித்திருக்கிறது. அவர்களை நம் பங்குகளிலும் நாம் பாராட்ட வேண்டும். அவர்களுடைய வலைக்கு ஆகும் இழப்பில் கரையில் இருக்கும் நாமும் பங்கெடுக்க வேண்டும். படைப்பைக் காப்பதன் சுமையை ஏழை மட்டுமே சுமப்பது நீதியாகாது.

அருட்தந்தை டேவிட் எட்டிப் பார்த்ததால் ஓர் இனம் உலகுக்குத் தெரிந்தது, தெரிந்ததால் பிழைத்தது. நாமும் நம் கடலை ஒருமுறை எட்டிப் பார்ப்போம். காணாமல் போன பின் தேடுபவர்களாக அல்ல, இருக்கும்போதே காப்பவர்களாக வாழ இறைவனிடம் வரம் கேட்போம்.