சுரங்கத்துச் சிறுவன் கட்டிய வீடுகள்

மாதம் பிறக்கிறது, உழைப்பவன் கையிலே கூலி விழுகிறது. விழுந்த கூலி வீடு வந்து சேருமுன்னே, வாடகை வாங்குபவன் வாசலிலே நிற்கிறான்! இருபது ஆண்டு குடியிருந்தாலும், இடிந்த சுவரை நாமே பூசினாலும், ஒழுகும் கூரையை நாமே வேய்ந்தாலும், வீடு அவனுடையது, வாடகை நம்முடையது! எந்த நாட்டு ஏழைக்கும் இந்த வேதனை புதிதல்ல. பிரிட்டனிலே இந்த வேதனைக்கு மருந்து தேடினார் ஒருவர். சீமான் வீட்டுப் பிள்ளை அல்ல அவர். சிரித்தால் பல் மட்டுமே வெளுப்பாகத் தெரியும் சுரங்கத் தொழிலாளி! அவர்தான் அனூரின் பெவன்.

வேல்ஸ் நாட்டிலே, மலைகளுக்கு நடுவே, ட்ரெடிகர் என்றோர் ஊர். மேலே இரும்பு, கீழே நிலக்கரி. இரண்டுக்கும் நடுவே நசுங்கியவன் உழைப்பாளி. அந்த ஊரிலே, 1897 நவம்பர் 15ஆம் நாள் பிறந்தார் பெவன். தந்தை நிலக்கரி வெட்டுபவர், தாய் தையல் வேலை செய்தவர், பிள்ளைகளோ பத்து! பதின்மூன்று வயதிலே பள்ளிக்கூடத்துக்கு முற்றுப்புள்ளி. பாதாளச் சுரங்கத்திலே வாழ்க்கையின் தொடக்கம்.

அவருக்குத் திக்குவாய். ஆம், பின்னாளிலே பாராளுமன்றத்தையே நடுங்கவைத்த நாவுக்கு, சிறு வயதிலே ஒரு சொல் ஒழுங்காக வராது! ஏளனம் செய்தவர் உண்டு. ஆனால் இளைஞன் துவளவில்லை. நூலகத்துப் புத்தகங்களை அள்ளிப் படித்தான். படித்ததை உரக்கச் சொல்லிச் சொல்லி நாவைப் பழக்கினான். பத்தொன்பது வயதிலே சுரங்கத் தொழிலாளர் சங்கக் கிளைக்குத் தலைவன்! 1919இல் சங்கமே உதவிப் பணம் தந்து, இலண்டனிலிருந்த தொழிலாளர் கல்லூரிக்கு அனுப்பிவைத்தது.

1921இல் படித்துத் திரும்பியவருக்குச் சுரங்கத்தின் கதவு சாத்தப்பட்டது. சங்கம் பேசும் வாய்க்குச் சோறு போடுவானா முதலாளி? ஆண்டுக்கணக்கிலே வேலையில்லை. தந்தையோ, கரித்தூசி நிறைந்த நுரையீரலோடு மூச்சுக்கு முட்டி முட்டி, 1925இல் மகன் மடியிலேயே உயிர் விட்டார். மண்ணைக் குடைந்து பிறர் மாளிகைக்குக் கணப்பு மூட்டியவர், மூச்சுக்குக் காற்றின்றி மாண்டார்! அந்தக் காட்சியைக் கண்ட மகன், எப்படி அமைதியாக இருப்பான்?

1922இலேயே ட்ரெடிகர் ஊராட்சி மன்றத்திலே இடம் பிடித்துவிட்டார் பெவன். 1929இல் எப்பு வேல் தொகுதி அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. சாகும்வரை அந்தத் தொகுதி அவரைக் கைவிடவில்லை. 1945இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தபோது, நாற்பத்தேழு வயதுப் பெவன் சுகாதார அமைச்சரானார். 1948 ஜூலை 5இல், ஏழைக்கும் பணக்காரனுக்கும் காசில்லாமல் மருத்துவம் தரும் திட்டத்தைத் தொடங்கிவைத்தவர் அவரே. அதை உலகம் அறியும். அதே அமைச்சகத்தின் கீழ்தான் வீடு கட்டும் பொறுப்பும் இருந்தது. அதை அறிந்தவர் சிலரே!

கவுன்சில் வீடு என்றால் என்ன? நகராட்சியோ ஊராட்சியோ தானே கட்டி, நியாயமான வாடகைக்கு விடும் வீடு. 1919இலே வந்த அடிசன் சட்டம், அதற்கு அரசாங்கப் பணம் தந்து வழி திறந்தது. பெவன் வந்த காலமோ பொல்லாத காலம். குண்டு விழுந்து இடிந்த நகரங்கள். மரமில்லை, இரும்பில்லை, கருவூலத்திலே காசில்லை. போர்முனையிலிருந்து திரும்பிய வீரனுக்குத் தலை சாய்க்க இடமில்லை. 1946இலே, காலியாகக் கிடந்த இராணுவ முகாம்களுக்குள் மக்கள் தாமே புகுந்து குடியேறினர்! வேகம் போதாது என்ற குற்றச்சாட்டு அமைச்சர்மீது பாய்ந்தது. அதிலே உண்மையும் இருந்தது, மறைப்பானேன்?

ஆனால் அவர் எடுத்த முடிவுகளைப் பாருங்கள்! கட்ட உரிமம் பெறும் ஐந்து வீடுகளிலே நான்கு ஊராட்சிகளுக்கு, ஒன்றே தனியாருக்கு. ஏழைக்குத்தானே, எலிப்பொந்து போதாதா என்று கேட்ட உள்ளங்களுக்கு அவர் செவி சாய்க்கவில்லை. போருக்கு முன் 750 சதுர அடியாக இருந்த அளவை 900 சதுர அடியாக்கினார். வெந்நீர், குளியலறை, மாடியிலும் கீழேயும் கழிப்பறை! எண்ணிக்கை குறைந்தால் ஓராண்டு ஏசுவார்கள். தரம் குறைந்தால் தலைமுறை தலைமுறையாக ஏசுவார்கள் என்பது அவர் கணக்கு. 1945 முதல் 1951 வரை, பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன, பெரும்பகுதி ஊராட்சிகளுடையவை.

1949இல் இன்னொரு சட்டம். கவுன்சில் வீடு தொழிலாளி வகுப்புக்கு மட்டும் என்று பழைய சட்டத்திலே இருந்த வரம்பை நீக்கினார். ஏன்? மருத்துவரும் மளிகைக் கடைக்காரரும் கூலிக்காரரும் ஒரே தெருவிலே அண்டை வீட்டாராக வாழவேண்டும் என்பது அவர் கனவு. ஏழைக்குத் தனிச் சேரி, பணக்காரனுக்குத் தனிப் பேட்டை என்ற பிரிவினையையே அவர் வெறுத்தார்.

1951இல், பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் என்று தம் அரசே சொன்னபோது, பதவியைத் தூக்கி எறிந்தார். அதே ஆண்டு ஆட்சி மாறியது. கன்சர்வேடிவ் கட்சியின் மாக்மில்லன் ஆண்டுக்கு மூன்று இலட்சம் வீடு என்றார், கட்டியும் காட்டினார். ஆனால் அளவு சுருங்கியது! 1960 ஜூலை 6இல், அறுபத்திரண்டு வயதிலே, புற்றுநோய் பெவனைக் கொண்டுபோயிற்று.

மனிதர் மறைந்தார்; வீடுகள் நின்றன. அந்த வீடுகளின் கதை என்னவாயிற்று? 1980இல் தாட்சர் அரசு சட்டம் கொண்டுவந்தது: கவுன்சில் வீட்டிலே குடியிருப்பவர், தாம் இருக்கும் வீட்டையே வாங்கிக்கொள்ளலாம். மூன்றாண்டு குடியிருந்தால் சந்தை விலையிலே நூற்றுக்கு 33 தள்ளுபடி. மேற்கொண்டு ஆண்டுக்கு ஒன்று கூடும். இருபது ஆண்டு இருந்தவருக்குப் பாதி விலை! வாங்கினார்கள். இங்கிலாந்திலே மட்டும் ஏறத்தாழ இருபது இலட்சம் வீடுகள் கைமாறின.

வாங்கியவனைப் பழிக்கலாமா? கூடாது, தோழர்களே! ஆயுளெல்லாம் வாடகை கட்டியவன், இது என் வீடு என்று சொல்லி, கதவுக்குத் தனக்குப் பிடித்த நிறம் பூச ஆசைப்பட்டால் குற்றமா? 1959 தேர்தலிலே பெவனின் தொழிற்கட்சியே, தனியாரிடமிருந்து ஊராட்சிகள் எடுத்துக்கொள்ளும் பழைய வாடகை வீடுகளைக் குடியிருப்பவரே வாங்க வாய்ப்புண்டு என்று அறிக்கை விட்டதே! தோற்றதால் அது நடக்கவில்லை.

குற்றம் எங்கே? விற்ற பணத்திலே திரும்பக் கட்டவிடாததிலே! 1990 முதல், வீடு விற்று வந்த பணத்திலே நூற்றுக்கு 75ஐக் கடனடைக்க ஒதுக்கு என்று ஊராட்சிகளின் கையைக் கட்டினார்கள். விற்றது நிறைய, கட்டியது கொஞ்சம். தந்தைக்குப் பாதி விலையிலே வீடு கிடைத்தது. மகனோ காத்திருப்போர் பட்டியலிலே! விற்ற வீடுகளிலே பல, இன்று தனியார் கையிலே அதிக வாடகைக்கு நிற்கின்றன. மக்கள் பணத்திலே எழுந்த சுவருக்குள்ளே மறுபடியும் வாடகை வாங்குபவன் நுழைந்துவிட்டான்!

ஸ்காட்லாந்து 2016இல் இந்த விற்பனையை நிறுத்தியது. பெவன் பிறந்த வேல்ஸ் 2019 ஜனவரி 26இல் நிறுத்தியது. இங்கிலாந்திலே விற்பனை தொடர்ந்தாலும், 2024 நவம்பரிலே தள்ளுபடியை வெகுவாகக் குறைத்தார்கள்.

ட்ரெடிகர் அருகே, மலைமேட்டிலே, பெவன் மக்களிடம் பேசிய இடத்திலே, நான்கு பெருங்கற்கள் நிற்கின்றன. நடுவே நிற்பது அவருக்கு. சூழ நிற்பவை அவர் தொகுதியின் மூன்று ஊர்களுக்கு. கல் நட்டவர்கள் நன்றியுள்ளவர்கள். ஆனால் அவருக்கு உரிய கல், மலைமேட்டிலே நடும் கல் மட்டுமல்ல. அடுத்த ஏழையின் வீட்டுக்கு நாட்டும் அடிக்கல்! ஒரு வீட்டை விற்றால் ஒரு வீட்டைக் கட்டு. இந்த எளிய கணக்கை ஆள்வோர் மறந்தால், நினைவூட்ட வேண்டியவன் உழைப்பாளியே!