மரியா மாண்டிசோரி: குழந்தைகளிடம் பாடம் கற்ற ஆசிரியை



சிறு பிள்ளைகளை அதட்டி விரட்டிய சீடர்கள்மீது இயேசு கோபம் கொண்டார் என்று மாற்கு நற்செய்தியில் வாசிக்கிறோம். சீடர்களைக் குறை சொல்லுமுன் நம்மைப் பார்ப்போம். திருப்பலி நேரத்தில் குழந்தை அழுதால் பீடத்திலிருந்தே முகம் சுளித்த நாள்கள் நமக்கும் உண்டு. கையைக் கட்டு, வாயைப் பொத்து என்பதே பல மறைக்கல்வி வகுப்புகளில் முதல் பாடம். இவ்வேளையில் கத்தோலிக்கப் பெண்மணி ஒருவரின் வாழ்வைச் சிந்திப்போம்.

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியின் கியாரவல்லே ஊரில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பது அரிதான காலத்தில், 1896இல் உரோமையில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1898இல் அவருக்கு மாரியோ என்ற மகன் பிறந்தான். திருமணம் நடைபெறாததால், ஊராரின் பழிச்சொல்லுக்கு அஞ்சி, குழந்தை நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தான். வளர்ந்த சிறுவனான பிறகே தாயோடு வந்து சேர்ந்தான். அந்தக் காயத்தைச் சுமந்தபடியேதான் அவர் பிறர் குழந்தைகளுக்காக உழைத்தார்.

1907 சனவரி 6, திருக்காட்சிப் பெருவிழா நாள். உரோமையின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் அவரது முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குப் போனபின் கவனிப்பாரற்றுத் திரிந்த சுமார் 50 குழந்தைகள் அங்கு வந்தனர். அவர் அறிவுரை சொல்லித் தொடங்கவில்லை. குழந்தையின் உயரத்திற்கு மேசை நாற்காலி செய்தார். கைக்கெட்டும் அலமாரியில் பொருள்களை வைத்தார். பிறகு கவனித்துப் பார்த்தார்.

ஒருநாள் மூக்கைச் சுத்தமாகச் சிந்துவது எப்படி என்று செய்து காட்டினார். குழந்தைகள் கைதட்டி மகிழ்ந்தார்கள். மூக்கு ஒழுகுகிறது என்று எல்லாரும் திட்டினார்களே தவிர, மரியாதையோடு கற்றுத்தந்தவர் எவருமில்லை என்பது அப்போது அவருக்குப் புரிந்தது. இன்னொரு நாள் நான்கு மாதக் கைக்குழந்தை ஒன்றைக் காட்டி, இது எவ்வளவு அமைதியாக இருக்கிறது பாருங்கள் என்ற கருத்தில் பேசினார். குழந்தைகள் அசையாமல், மூச்சையும் அடக்கி, மௌனத்தில் ஆழ்ந்தார்கள். மிரட்டலால் வராத அமைதி விருப்பத்தால் வந்தது.

அவரது பாடத்திட்டத்தில் நற்பண்பு தனிப் பாடமாக இல்லை. ஒவ்வொரு கருவியும் ஒன்றுதான் இருக்கும். மற்றவர் முடிக்கும்வரை காத்திருப்பதில் பொறுமை வளரும். பாத்திரங்கள் உடையக் கூடியவை. அவற்றை ஏந்திச் செல்வதில் பொறுப்பு வளரும். எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பதில், அடுத்து வருபவர்மீது அக்கறை வளரும். பின்னர் பார்செலோனாவில் மறைக்கல்விக்கும் இதே வழியைக் கொண்டு சென்றார். நற்கருணைக்கான கோதுமையையும் திராட்சையையும் குழந்தைகளே பயிரிட்டார்கள்.

இவர் நமக்கு அந்நியரல்லர். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் மாரியோவை ஆங்கிலேய அரசு காவலில் வைத்தது. தாயின் 70ஆம் பிறந்த நாளன்று மகன் விடுவிக்கப்பட்டார். போர்க்காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கி, அங்கும் குழந்தைகளோடு உழைத்தார். 1952 மே 6 அன்று நெதர்லாந்தில் இறந்து, அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அன்பார்ந்த பெற்றோரே, மறைக்கல்வி ஆசிரியர்களே! பொறுமையைப் பற்றிக் குழந்தைக்குச் சொல்லித்தரும் நாம், அது சட்டைப் பொத்தானைத் தானே மாட்டி முடிக்கும்வரை காத்திருக்கிறோமா? செபத்தை ஒப்பிக்கச் சொல்லும் நாம், அதன் அருகில் அமர்ந்து செபிக்கிறோமா? வருகிற ஞாயிறன்று ஒரு குழந்தையின் கையில் மலரைத் தந்து, பீடத்தடியில் வைக்கச் சொல்வோம். அது மெதுவாக நடந்து வரட்டும். நாம் காத்திருப்போம்.

குழந்தைகளை அணைத்து ஆசி வழங்கிய இயேசுவே, அவர்கள் உம்மிடம் வரும் வழியில் நாங்கள் தடையாக நில்லாதிருக்க அருள்தாரும். ஆமென்.