முகமே கையெழுத்து!

நியூசிலாந்து வீரர் தே பேஹியின் கதை

கண்ணாடி பார்க்காமல் தன் முகத்தைத் தானே வரைய யாரால் முடியும்?

கண் இரண்டு, காது இரண்டு, மூக்கு ஒன்று என்று குத்துமதிப்பாக வரையலாம். ஒரு கோடுகூடத் தவறாமல் வரைய முடியுமா?

ஒருவர் வரைந்து காட்டினார்! அவர் ஓவியர் அல்ல. எழுதப் படிக்கத் தெரிந்தவரும் அல்ல. ஆனாலும் பேனாவைக் கையில் எடுத்தார். தன் முகத்தில் இருந்த ஒவ்வொரு கோட்டையும், ஒவ்வொரு சுழியையும் அப்படியே தாளில் இறக்கி வைத்தார். பார்த்தவர்கள் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள்.

இது நடந்தது 1825-ம் ஆண்டு. நடந்த இடம், இங்கிலாந்தில் உள்ள லிவர்பூல் துறைமுக நகரம். வரைந்தவரின் பெயர் தே பேஹி கூபே. அவர் நியூசிலாந்து நாட்டு மவோரி இனத் தலைவர்.

அவரால் அது எப்படி முடிந்தது? அந்தக் கோடுகள் மையால் வரைந்த கோடுகள் அல்ல. உளியால் செதுக்கிய கோடுகள்! வலியைப் பொறுத்து, இரத்தம் சிந்திப் பெற்ற கோடுகள். அவற்றை அவர் மறப்பாரா?

உளியால் குத்தும் பச்சை

பச்சை குத்துவது நமக்குத் தெரியும். ஊசியால் தோலைக் குத்தி மையை ஏற்றுவார்கள். புண் ஆறியதும் தோல் பழையபடி வழவழப்பாகிவிடும்.

மவோரிகள் அந்த நாளில் பச்சை குத்திய முறை வேறு. அதற்கு 'மோகோ' என்று பெயர். கடல் பறவையின் எலும்பைத் தீட்டிச் சிறிய உளி செய்வார்கள். அதைத் தோலின் மேல் வைத்து, சின்னஞ்சிறு கோலால் தட்டுவார்கள். தோல் பிளக்கும். பிளந்த இடத்தில் கரியைத் தேய்ப்பார்கள். பிசின் உள்ள மரத்தை எரித்து எடுத்த கரி அது. புண் ஆறிய பிறகும் அந்த இடம் வாய்க்கால் போலப் பள்ளமாகவே இருக்கும். இருட்டில் விரலால் தடவினாலும் கோடு தெரியும்!

இதைக் கையிலும் காலிலும் செய்தாலே உயிர் போகும். அவர்களோ முகத்தில் செய்தார்கள். நெற்றி, கன்னம், தாடை மட்டுமா? மூக்கின் நுனி, உதடு, கண் இமை ஆகியவற்றையும் விடவில்லை. கண் இமையின் தோல் எவ்வளவு மெல்லியது! அங்கே உளி கொஞ்சம் வழுக்கினால் என்ன ஆகும்? நினைத்தாலே உடம்பு கூசுகிறது அல்லவா?

அதனால்தான் கண்டவர் கையில் அந்த உளியைக் கொடுப்பதில்லை. அதற்கென்று தேர்ந்த ஆசான்கள் இருந்தார்கள். எடுத்த எடுப்பில் அவர்கள் உளியைத் தூக்க மாட்டார்கள். முதலில் முகத்தை நன்றாகப் பார்ப்பார்கள். எலும்பு எங்கே மேடாக இருக்கிறது, சதை எங்கே மடிகிறது என்று கவனிப்பார்கள். பிறகு கரியால் கோடு போட்டுக்கொள்வார்கள். அதன் பிறகுதான் உளி இறங்கும். அழித்து எழுத முடியாத எழுத்து அது. திட்டம் தவறினால் ஆயுள் முழுவதும் தவறுதான்.

ஒரே நாளில் முகம் முழுவதையும் முடிக்கவும் மாட்டார்கள். கொஞ்சம் செதுக்குவார்கள். புண் ஆறும் வரை காத்திருப்பார்கள். பிறகு அடுத்த பகுதியைத் தொடங்குவார்கள். முகம் நிறைவதற்குப் பல ஆண்டுகள் ஆவதும் உண்டு.

புனல் வழியே உணவு

மவோரிகளுக்குத் தலை புனிதமானது. அந்தத் தலையில் இரத்தம் சிந்துவதால், மோகோ செதுக்கும் நாட்களில் கட்டுப்பாடுகள் அதிகம். செதுக்கிக்கொள்பவர் தன் கையால் உணவைத் தொடக்கூடாது.

தொட்டாலும் அவரால் சாப்பிட முடியாது. உதடு வீங்கி, வாயைத் திறக்கவே முடியாமல் இருக்கும். அதற்கும் அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். மரத்தால் ஒரு புனல் செய்து, அதிலும் அழகான சித்திர வேலை செய்திருப்பார்கள். கூழாகக் கரைத்த உணவை அந்தப் புனல் வழியே வாயில் ஊற்றுவார்கள். வீக்கம் வற்றுவதற்குக் கரகா என்ற மரத்தின் இலையைப் புண்ணின் மேல் வைப்பார்கள். வலி தெரியாமல் இருக்கப் பக்கத்தில் இருப்பவர்கள் பாட்டுப் பாடுவார்கள்.

இவ்வளவு துன்பம் எதற்காக? அழகுக்காக மட்டும் அல்ல. ஒருவர் எந்தக் குலத்தில் பிறந்தார், அவருடைய தகுதி என்ன என்பதை அந்தக் கோடுகள் சொல்லும். ஒருவர் கோலம் போல இன்னொருவர் கோலம் இருக்காது. பெண்களும் உதட்டிலும் தாடையிலும் செதுக்கிக்கொண்டார்கள்.

இப்படி முகம் நிறையச் செதுக்கிக்கொண்டவர்தான் தே பேஹி.

கப்பலில் தாவிய தலைவர்

தே பேஹி, நிகாத்தி தோவா என்ற குலத்தின் தலைவர்களில் ஒருவர். அந்தக் குலத்தார் தங்கள் சொந்த ஊரான காவியாவை விட்டுத் தெற்கே வந்து, காப்பிட்டி என்ற தீவில் வலுவாகக் கால் ஊன்றினார்கள். சுற்றிலும் பகைவர்கள். அவர்களோடு நடந்த சண்டையில் தே பேஹியின் பிள்ளைகள் சிலர் கொல்லப்பட்டார்கள். பெற்ற வயிறு மட்டும் அல்ல, பெற்ற தகப்பன் நெஞ்சும் எரியும். அந்த நெருப்பு அவரை உறங்கவிடவில்லை.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1820-ல், ஹோங்கி ஹிகா என்ற மற்றொரு மவோரித் தலைவர் இங்கிலாந்து போய் வந்தார். நான்காம் ஜார்ஜ் மன்னரைப் பார்த்தார். வழியில் துப்பாக்கிகளை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். அதன் பிறகு அவரை எதிர்த்து நிற்க ஆள் இல்லை. நாமும் போனால் என்ன என்று தே பேஹி நினைத்தார்.

1824-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 'யுரேனியா' என்ற ஆங்கிலக் கப்பல் அந்தப் பக்கம் வந்தது. தே பேஹி ஓடத்தில் போய்க் கப்பலை மறித்தார். தாவி ஏறினார். தன்னை இங்கிலாந்துக்கு அழைத்துப் போகும்படி சைகையாலும், தெரிந்த இரண்டொரு ஆங்கிலச் சொற்களாலும் கேட்டார்.

கப்பல் தலைவர் ரெய்னால்ட்ஸ் திகைத்தார். முடியாது என்று மறுத்தார். தே பேஹியோ தன் ஓடத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்! அவரைத் தூக்கிக் கடலில் போடும்படி மாலுமிகளுக்கு உத்தரவு பிறந்தது. உடனே தே பேஹி கப்பல் தளத்தில் விழுந்து, அங்கே பதித்திருந்த இரும்பு வளையங்களை இறுகப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியைத் தளர்த்த வேண்டுமானால் அவரை அடித்துத் துன்புறுத்த வேண்டும். அதற்கு ரெய்னால்ட்சின் மனம் இடம் கொடுக்கவில்லை. வேறு வழியின்றிப் பயணத்தைத் தொடர்ந்தார்.

அந்த இரக்கம் வீண் போகவில்லை. தென் அமெரிக்காவின் மாண்டிவிடியோ அருகே ரெய்னால்ட்ஸ் கடலில் விழுந்துவிட்டார். தே பேஹி சற்றும் தயங்காமல் குதித்தார். தலைவரைத் தாங்கிப் பிடித்துக் காப்பாற்றினார். அன்று முதல் இருவரும் உயிர் நண்பர்கள் ஆனார்கள்.

மகன் முகம் கண்ட தந்தை

1825-ல் கப்பல் லிவர்பூலை அடைந்தது. புதிய ஊர். புதிய குளிர். தே பேஹிக்கு மணல்வாரி அம்மை கண்டது. டிரெயில் என்ற மருத்துவர் சிகிச்சை செய்து அவரைத் தேற்றினார். நோயாளியும் மருத்துவரும் நண்பர்கள் ஆனார்கள். தே பேஹியைப் பற்றி இன்று நமக்குத் தெரியும் செய்திகளில் பல, அந்த மருத்துவர் குறித்து வைத்தவைதாம்.

லிவர்பூல் ஓவியர் ஜான் சில்வெஸ்டர், தே பேஹியைப் படமாக வரைந்தார். படத்தில் அவர் ஆங்கிலேயர் உடை அணிந்திருக்கிறார். உடையைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. முகத்துக் கோடுகள் சரியாக விழுகின்றனவா என்பதுதான் அவருடைய கவலை. மூக்கின் மேற்புறத்தில் இருந்த ஒரு குறியை மிகவும் கவனமாக எழுதச் சொன்னார். அதுதான் தன் பெயர் என்றார். வெள்ளைக்காரர் பேனாவால் பெயர் எழுதுகிறார். என் பெயரோ என் முகத்திலேயே இருக்கிறது என்பது அவர் சொன்னதன் கருத்து.

பிறகு அவரே பேனாவை எடுத்தார். கண்ணாடி கேட்கவில்லை. தன் மோகோ முழுவதையும் வரைந்து முடித்தார். செய்தி ஊரில் பரவியது. நண்பர்கள் ஆளுக்கொரு படம் கேட்டார்கள். அவரும் சலிக்காமல் வரைந்து கொடுத்தார்.

தன் முகம் மட்டும் அல்ல, தன் சகோதரன் முகத்தில் இருந்த கோடுகளையும் நினைவிலிருந்தே வரைந்தார். கடைசியாகத் தன் மூத்த மகனின் மோகோவை வரைந்தார். வரைந்து முடித்ததும் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்தார். ஆசை தீரப் பார்த்தார். பல முறை முத்தமிட்டார். மருத்துவர் கையில் அதைக் கொடுக்கும்போது விம்மி விம்மி அழுதுவிட்டார்!

உளி தன் முகத்தைப் பிளந்தபோது கலங்காமல் இருக்கப் பழகியவர். மகனின் முகக் கோடுகளைத் தாளில் கண்டதும் கலங்கிவிட்டார். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், தனி மனிதராக நின்ற அந்தத் தந்தைக்கு அது வெறும் படம் அல்ல. பெற்ற மகனே எதிரில் வந்து நின்றது போல.

கோணல் கோடு

1825 அக்டோபரில் தே பேஹி இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டார். பரிசாகக் கிடைத்த பொருள்களைச் சிட்னி நகரில் கொடுத்துத் துப்பாக்கிகளாக மாற்றிக்கொண்டார். காப்பிட்டித் தீவுக்குத் திரும்பினார். அவர் நினைத்தது நடந்துவிட்டது.

ஆனால், துப்பாக்கி அவரைக் காப்பாற்றவில்லை.

1828-ல் நிகாத்தி தோவா குலத்தார் தென் தீவின் மீது படையெடுத்தார்கள். காயாபோய் என்ற கோட்டைக்குள், மதிப்பு மிக்க பச்சைக்கல் வாங்குவதற்காகத் தே பேஹியும் வேறு சில தலைவர்களும் போனார்கள். அங்கே ஒரு கல்லைப் பற்றித் தகராறு மூண்டது. கல்லைக் கொடுக்க மறுத்தவரைப் பார்த்து, உன் முகத்துக் கோடு கோணல் என்று தே பேஹி இகழ்ந்தாராம். பரம்பரையாகச் சொல்லப்படும் கதை இது.

தன் முகக் கோட்டைத் தன் பெயர் என்று போற்றியவர், இன்னொருவர் முகக் கோட்டைப் பழித்தார். அந்தக் கோட்டுக்காக அந்த மனிதரும் இரத்தம் சிந்தியிருப்பார். புனல் வழியே கூழ் குடித்திருப்பார். கோபத்தில் தே பேஹி அதை மறந்தார். கைகலப்பு மூண்டது. தே பேஹியும் உடன் சென்ற தலைவர்களும் கோட்டைக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள்.

பழி அதோடு நிற்கவில்லை. 1830-ல் அவருடைய மகன் தே ஹிகோவும், பெருந்தலைவர் தே ரவுபராகாவும் 'எலிசபெத்' என்ற ஆங்கிலக் கப்பலில் போய், எதிரித் தலைவரை வஞ்சகமாகச் சிறைப்பிடித்தார்கள். மீண்டும் இரத்தம். மீண்டும் கண்ணீர்.

அழியாத கோடு

1830-ல் கிரெய்க் என்ற எழுத்தாளர் நியூசிலாந்து மக்களைப் பற்றி லண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். தே பேஹியின் வரலாறும், அவர் கையால் வரைந்த மோகோ படமும் அதில் இடம்பெற்றன. சில்வெஸ்டர் வரைந்த படம் ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தில் இருக்கிறது.

1840-ல் ஆங்கிலேயருக்கும் மவோரித் தலைவர்களுக்கும் வைதாங்கி உடன்படிக்கை ஏற்பட்டது. அப்போது தலைவர்கள் சிலர் எழுத்துக்குப் பதிலாகத் தங்கள் மோகோவின் ஒரு பகுதியை வரைந்தார்கள். தே பேஹி லிவர்பூலில் சொன்னது அரசாங்கப் பத்திரத்திலும் ஏறியது. முகமே கையெழுத்து ஆனது!

பிற்காலத்தில் இந்த வழக்கம் தேய்ந்தது. எலும்பு உளி போய் ஊசி வந்தது. ஆண்கள் முகத்தில் செதுக்குவது அரிதாகிவிட்டது. 1980-களுக்குப் பிறகு மவோரிகள் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார்கள். 2020-ல் நியூசிலாந்தின் வெளியுறவு அமைச்சராகப் பதவி ஏற்ற நனையா மஹூட்டா என்ற பெண்மணியின் தாடையில் மோகோ இருந்தது. அதை உலகமே பார்த்தது.

தே பேஹி தேடிப்போன துப்பாக்கிகள் துருப்பிடித்துப் போயின. வேடிக்கையாகப் பேனா பிடித்து அவர் வரைந்த கோடுகளோ இன்றும் அழியாமல் இருக்கின்றன.