அவ்வை இல்லம் கண்ட அன்னை

தான் பெற்ற பிள்ளையைப் பேணுதல் எல்லாத் தாயர்க்கும் இயல்பு. பிறர் பெற்ற பிள்ளையையும் தன் பிள்ளையாகக் கருதி, உணவும் உறைவிடமும் தந்து, கல்விக் கண்ணையும் திறந்துவைத்தல் சான்றோர்க்கே இயலும். அத்தகைய சான்றாண்மை வாய்ந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அம்மையார் புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் தோன்றினார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வியிற் சிறந்தவர். கல்லூரி முதல்வராக விளங்கியவர். தாயார் சந்திரம்மாள் இசையும் கூத்தும் வளர்த்த மரபில் வந்தவர். அம்மரபுச் சிறுமியரைக் கோயிலுக்கென்று பொட்டுக்கட்டி விடும் வழக்கம் அக்காலத்தே இருந்தது. அவர்களுக்கு மணவாழ்க்கை இல்லை. கல்வி பெறும் வாய்ப்பும் அரிது. ஊரார் பழிச்சொல்லே அவர்க்கு எஞ்சியது. இக்கொடுமையை அம்மையார் இளமையிலேயே அறிந்திருந்தார்.

பெண்கள் உயர்கல்வி பெறுதலை ஊர் விரும்பாத காலம் அது. அம்மையார் வீட்டிலிருந்தே பயின்று பள்ளி இறுதித் தேர்வில் வென்றார். ஆடவர் பயிலும் மன்னர் கல்லூரியில் சேர விழைந்தபோது எதிர்ப்பு எழுந்தது. புதுக்கோட்டை மன்னர் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாது இசைவு தந்தார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். 1914ஆம் ஆண்டு டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்தார். தம்மைச் சமமாக மதித்தல் வேண்டும், தம் தொண்டிற்குத் தடை சொல்லலாகாது என்ற உறுதிமொழியைப் பெற்ற பின்னரே அத்திருமணத்திற்கு இசைந்தார்.

1926ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்ற அவையில் உறுப்பினராக அமர்ந்தார். அவ்வவையில் இடம்பெற்ற முதற் பெண்மணி அவரே. அவையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழித்தல் வேண்டுமென்று 1927ஆம் ஆண்டு தீர்மானம் கொணர்ந்தார். பழைமையைப் போற்றுவோர் பலர் எதிர்த்தனர், அம்மையார் அஞ்சினாரல்லர். எனினும், அவ்வழக்கத்தை முற்றும் தடுக்கும் சட்டம் 1947ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது. 1930ஆம் ஆண்டு காந்தியடிகள் சிறைப்பட்டபோது, அம்மையார் தம் பதவியைத் துறந்து வெளியேறினார்.

சட்டம் பிறக்கும்வரை நாடு பொறுத்திருக்கலாம். பசித்த குழந்தை பொறுத்திருக்குமோ? பழைய வாழ்வை வெறுத்து வெளியேறிய இளம்பெண்கள் சிலர் புகலிடம் தேடிச் சென்னைக்கு வந்தனர். அவர்களைச் சேர்த்துக்கொள்ளுமாறு அம்மையார் மாணவியர் விடுதிகளை வேண்டினார். விடுதிகளோ பிறப்பைக் காரணமாகக் காட்டிக் கதவடைத்தன. அவர்களைத் திருப்பி அனுப்பினால், எந்த வாழ்வை வெறுத்து வந்தனரோ, அந்த வாழ்விற்கே மீளல் வேண்டும். அம்மையார் தயங்கவில்லை, தம் வீட்டிலேயே அவர்களுக்கு இடம் தந்தார். இவ்வாறு 1930-31ஆம் ஆண்டுகளில் தோன்றியதே அவ்வை இல்லம்.

தமிழ் மூதாட்டியின் பெயர் தாங்கிய அவ்வில்லம், பின்னர்ச் சென்னை அடையாற்றில் நிலைபெற்றது. தொடக்கத்தில் ஒரு மரபினர்க்கே புகலிடமாக இருந்தது. நாளடைவில் பெற்றோரை இழந்த சிறுமியர், வறியவர், கைவிடப்பட்டோர் அனைவர்க்கும் தாய்வீடாயிற்று. குலம் யாது என்று கேட்டுக் கதவைத் திறக்கும் வழக்கம் அங்கில்லை.

சோறிடுவதோடு கடமை முடிந்ததாக அம்மையார் எண்ணவில்லை. இன்று உண்ட சோறு நாளைப் பசிக்கு உதவாது. கற்ற கல்வியும் பயின்ற தொழிலும் வாழ்நாள் முழுதும் துணைநிற்கும். ஆதலின் இல்லத்தை ஒட்டிப் பள்ளியும் வளர்ந்தது. பிறர் கையை எதிர்பார்த்து வந்த சிறுமியர், தம் காலில் தாமே நிற்கும் ஆற்றல் பெற்றனர்.

இத்தகைய இல்லம் ஒருவர் பொருளால் மட்டும் நடவாது. நாள்தோறும் அரிசி வேண்டும், ஆடை வேண்டும், நூலும் பலகையும் வேண்டும், நோயுற்றால் மருந்து வேண்டும். அன்பு ஒருநாளும் குறையாதிருத்தல் எல்லாவற்றினும் வேண்டும். அம்மையார் தம் பொருளையும் உழைப்பையும் முதலில் ஈந்து, அதன்பின்னரே பிறர் உதவியை நாடினார்.

உடன்பிறந்தாளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரமும் அவர் உள்ளத்தில் அறமாகவே மலர்ந்தது. அவர் முயற்சியால் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை 1954ஆம் ஆண்டு 12 படுக்கைகளுடன் தொடங்கிற்று. இந்திய அரசு 1956ஆம் ஆண்டு பத்மபூஷண் விருது வழங்கி அவரைச் சிறப்பித்தது. 1968ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22ஆம் நாள் அம்மையார் மறைந்தார்.

சட்டம் தீமையைத் தடுக்கும்; ஆனால் தீமையினின்று மீண்ட குழந்தையின் தலையைக் கோதி உணவூட்ட அதற்குக் கை இல்லை. அக்கையாக அமைவது அன்புடையார் நடத்தும் இல்லமே. அம்மையார் சட்டத்திற்காகவும் போராடினார். இல்லத்தின் கதவையும் திறந்துவைத்தார். அத்தகைய இல்லங்கள் எங்கிருப்பினும், இயன்ற அளவில் ஒரு பிடி அரிசியோ, ஒரு நூலோ, ஒரு மணி நேர உழைப்போ தந்து அவற்றைத் தாங்குதல் அனைவர்க்கும் கடன். அதுவே அம்மையார்க்குச் செய்யும் உண்மை வணக்கமாகும்.