படகுப் பந்தயத்தில் பிறந்த லைவ் அப்டேட்: மார்கோனி கதையில் பலரும் கேட்காத பகுதி

ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டு, மேசைக்கு அடியில் போனை வைத்து ஸ்கோர் பார்க்காதவர்கள் நம்மில் எத்தனை பேர்? பந்து பவுண்டரியைத் தொட்ட சில நொடிகளில் நம் கையில் நம்பர் மாறிவிடுகிறது. கொஞ்சம் லேட்டானால்கூட நெட்வொர்க்கைத் திட்டுகிறோம்.

வயரே இல்லாமல் ஒரு விளையாட்டு நடக்கும்போதே அதன் செய்தியை ஊருக்குச் சொல்வது எங்கே தொடங்கியது? கிரிக்கெட்டில் இல்லை, கால்பந்தில் இல்லை. 1898 ஜூலையில், அயர்லாந்துக் கடலில், ஒரு பாய்மரப் படகுப் பந்தயத்தில்! ஆடிக்கொண்டிருந்த ஒரு பழைய இழுவைப் படகில் நின்று தகவல் அனுப்பியவருக்கு அப்போது வயது 24. அவர்தான் குலியெல்மோ மார்கோனி.

பள்ளிப் புத்தகத்தில் 'ரேடியோவைக் கண்டுபிடித்தவர் யார்' என்ற ஒரு மார்க் கேள்விக்கு நாம் எழுதிய அதே பெயர்தான். ஆனால் அந்த ஒற்றை வரி விடை அவ்வளவு சரியும் இல்லை, சுவாரஸ்யமும் இல்லை.

டிகிரி இல்லாத பணக்காரப் பையன்

மார்கோனி பிறந்தது 1874 ஏப்ரல் 25, இத்தாலியின் போலோன்யா நகரில். அப்பா வசதியான நிலக்கிழார். அம்மா ஆனி ஜேம்சன் அயர்லாந்துக்காரர். ஆமாம், அதே ஜேம்சன் விஸ்கி குடும்பம்தான். பையன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பட்டம் வாங்கவில்லை. அதே ஊரில் இருந்த இயற்பியல் பேராசிரியர் அகுஸ்தோ ரிகியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும், வீட்டில் தானே செய்து பார்த்ததும்தான் படிப்பு.

மின்காந்த அலைகள் இருப்பதை ஜெர்மனியின் ஹெர்ட்ஸ் ஏற்கெனவே சோதனையில் நிரூபித்திருந்தார். விஞ்ஞானிகளுக்கு அது இயற்கையின் ஓர் அதிசயம். மார்கோனியின் மண்டையில் ஓடியது வேறு: இதை வைத்துத் தந்தி அனுப்ப முடியுமா? 1895இல் பொன்டெக்கியோவில் இருந்த குடும்ப வீட்டின் மாடியில் சோதனை தொடங்கியது. கருவியின் ஒரு முனையை மண்ணில் புதைத்து, மறுமுனையை உயரத்தில் தூக்கிக் கட்டியதும் தூரம் மளமளவென்று கூடியது. எதிரே இருந்த குன்றுக்கு அந்தப் பக்கம் சிக்னல் போய்ச் சேர்ந்ததும், அண்ணன் அல்ஃபோன்சோ துப்பாக்கியால் சுட்டுத் தகவல் சொன்னார் என்பது குடும்பத்தில் சொல்லப்படும் கதை.

அடுத்த வருடம் அம்மாவுடன் லண்டன். பேட்டன்ட்டுக்கு விண்ணப்பம். பிரிட்டிஷ் தபால் துறையின் தலைமைப் பொறியாளர் வில்லியம் ப்ரீஸ் கை கொடுத்தார். 1897இல் அம்மா வழி உறவினர்களின் உதவியோடு சொந்தக் கம்பெனி. இன்றைய மொழியில் சொன்னால் ஸ்டார்ட்-அப்!

எல்லா ஸ்டார்ட்-அப்புக்கும் வரும் கேள்வி இதற்கும் வந்தது. சரி, இதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

ஏன் படகுப் பந்தயம்?

தரையில் ஏற்கெனவே தந்திக் கம்பி ஓடியது. மலிவாக, நம்பகமாக. பிரிட்டனுக்குள் தந்தி அனுப்பும் ஏகபோக உரிமை தபால் துறையிடம் இருந்ததால், காசு வாங்கிக்கொண்டு தரையில் செய்தி அனுப்ப மார்கோனி கம்பெனியால் முடியாது. கம்பி போக முடியாத இடம் ஒன்றுதான். கடல்.

கடலில் நடக்கும் பந்தயத்துக்கு ஒரு விசித்திரம் உண்டு. பார்க்க வந்தவர்களாலேயே அதைப் பார்க்க முடியாது. படகுகள் கரையிலிருந்து கிளம்பி அடிவானத்தைத் தாண்டிவிடும். பைனாகுலர் வைத்திருந்தாலும் மூட்டம் வந்தால் அவ்வளவுதான். யார் முந்துகிறார்கள் என்று தெரிய மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பந்தயம் பின்னாலேயே போகும் நிருபர்களும் புறாவைப் பறக்கவிட வேண்டும், இல்லாவிட்டால் படகைத் திருப்பிக்கொண்டு கரைக்கு வர வேண்டும்.

டப்ளின் நகரின் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' பத்திரிகைக்கு ஒரு யோசனை வந்தது. டப்ளினுக்குப் பக்கத்தில் கிங்ஸ்டவுன் துறைமுகம். இன்றைக்கு அதன் பெயர் டன் லேரி. அங்கே நடக்கும் ரெகாட்டாவை, அதாவது பாய்மரப் படகுப் போட்டிகளை, வயர் இல்லாமல் செய்தியாக்க மார்கோனியை அழைத்தார்கள்.

'ஃப்ளையிங் ஹன்ட்ரஸ்' என்ற இழுவைப் படகின் கம்பத்தில் ஆன்டெனா கட்டப்பட்டது. கரையில், துறைமுக அதிகாரியின் வீட்டுத் தோட்டத்தில் 110 அடி உயரக் கம்பம் நட்டார்கள். மார்கோனி பந்தயப் படகுகளுக்குப் பின்னாலேயே போய் மோர்ஸ் சாவியைத் தட்டினார். கரையில் அது காகித நாடாவில் புள்ளியும் கோடுமாகப் பதிவானது. அதைப் படித்து, டப்ளின் அலுவலகத்துக்கு டெலிபோனில் சொன்னார்கள். படகுகள் கடலில் இருக்கும்போதே நகரத்தில் அச்சடித்த பேப்பர் விற்றது.

ரெகாட்டா முடிவதற்குள் 700க்கும் மேற்பட்ட தகவல்கள். அதிகபட்ச தூரம் சுமார் 25 மைல்.

இதில் குரல் கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டில் டியூப்லைட்டைப் போடும்போது பழைய ரேடியோவில் 'கிர்ர்' என்று ஒரு சத்தம் வருமே, கிட்டத்தட்ட அதுதான் மார்கோனியின் தொழில்நுட்பம். இந்தப் பக்கம் வேண்டுமென்றே மின்பொறியை உண்டாக்குவது. அந்தப் பக்கம் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் உலோகத் துகள்கள். அலை வந்து பட்டதும் துகள்கள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைக் கடத்தும். ஒரு குட்டிச் சுத்தியல் குழாயைத் தட்டித் துகள்களைப் பிரித்துவிடும். திரும்ப அலை, திரும்பத் தட்டல். ஆடும் படகில் இதை இயக்கி, எந்தப் படகு எந்த மிதவையைச் சுற்றித் திரும்பியது என்று அனுப்புவது லேசான வேலை இல்லை.

அடுத்த மாதமே அரண்மனை அழைப்பு. இளவரசர் எட்வர்ட் முழங்காலில் அடிபட்டு, ஐல் ஆஃப் வைட் தீவுக்கு அருகே அரச படகில் ஓய்வில் இருந்தார். அம்மா விக்டோரியா மகாராணி கரையில் ஆஸ்போர்ன் மாளிகையில். மகன் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும், ஆனால் மகனோ படகுப் பந்தய சீசனை விட்டு வர மாட்டார்! 16 நாளில் சுமார் 150 தகவல்கள் போய் வந்தன. பிள்ளைக்கு போன் போட்டு சாப்பிட்டாயா என்று கேட்கும் எல்லா அம்மாக்களுக்கும் முன்னோடி என்று விக்டோரியாவைச் சொல்லலாம் போல.

நியூயார்க்கில் நடந்த பெரிய போட்டி

1899 அக்டோபர். அமெரிக்கா கோப்பை. பாய்மரப் படகு உலகில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. 'நியூயார்க் ஹெரால்ட்' பத்திரிகை 5,000 டாலர் பேசி மார்கோனியைக் கூப்பிட்டது. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை.

அமெரிக்காவின் 'கொலம்பியா'வுக்கு எதிராக 'ஷாம்ராக்'. ஷாம்ராக்கின் சொந்தக்காரர் தாமஸ் லிப்டன். நம் வீட்டு டீத்தூள் பாக்கெட்டில் இருக்கும் அதே லிப்டன்தான். 1890இல் இலங்கை மலையகத்தில் தோட்டங்கள் வாங்கிப் பெரிய ஆளானவர். தமிழகத்திலிருந்து போன கூலித் தொழிலாளர்கள் கிள்ளிப்போட்ட கொழுந்தில் வந்த காசும் அந்தப் பாய்மரத்தில் இருந்தது. கோப்பை வரலாற்றை எழுதுபவர்கள் இதைப் பெரும்பாலும் எழுதுவதில்லை.

காற்று சதி செய்தது. இரண்டு வாரம் போல, படகுகள் கிளம்புவதும் காற்றில்லாமல் நிற்பதும் மூட்டத்தில் மறைவதுமாகவே போனது. மார்கோனி 'போன்ஸ்' என்ற கப்பலில் ஏறிக் காத்திருந்தார். அக்டோபர் 16இல்தான் முதல் பந்தயம் முடிந்தது. கடைசியில் கொலம்பியா மூன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது. கடலில் நடந்தது சில நிமிடங்களில் நியூயார்க் தெருவுக்கு வந்துவிட, மக்கள் அசந்துபோனார்கள். நவம்பரில் அமெரிக்காவில் மார்கோனி கம்பெனி பதிவாகிவிட்டது. விளம்பரம் என்றால் இதுவல்லவா விளம்பரம்!

ஆனால் அமெரிக்கக் கடற்படை அசரவில்லை. போர்க்கப்பல்களில் வைத்துச் சோதித்தது. ஒரே நேரத்தில் இரண்டு கருவிகள் பேசினால் என்ன ஆகும் என்று கேட்டது. இரண்டும் கலந்து, எதுவும் புரியாமல் போனது. மார்கோனியிடம் அன்று அதற்குத் திருப்தியான பதில் இல்லை. கடற்படை வாங்காமல் விட்டுவிட்டது.

1901: எல்லோரும் பேசினார்கள், யாருக்கும் கேட்கவில்லை

என்னைப் பொறுத்தவரை மார்கோனி வாழ்க்கையில் மிக முக்கியமான பந்தயம், அவர் சொதப்பிய பந்தயம்தான்.

இரண்டு வருடம் கழித்து அதே கோப்பை, அதே கொலம்பியா, எதிரில் 'ஷாம்ராக் 2'. இந்த முறை மார்கோனி கம்பெனி அசோசியேட்டட் பிரஸ்ஸுக்காக. போட்டிக்கு லீ டி ஃபாரஸ்ட் என்ற இளம் அமெரிக்கர், இன்னொரு செய்தி நிறுவனத்துக்காக. மூன்றாவதாக ஒரு கம்பெனிக்குப் பத்திரிகை ஒப்பந்தமே கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் என்ன, மற்றவர்களைக் கெடுக்கலாமே!

அந்த மூன்றாவது கம்பெனி பலமான டிரான்ஸ்மிட்டரைக் கொண்டுவந்து நீண்ட நீண்ட சிக்னல்களை அடித்தது. ஒரு நீளக் கோடு என்றால் கொலம்பியா முன்னால், இரண்டு என்றால் ஷாம்ராக் முன்னால். தன் செய்தியும் போகும், மற்றவர்களுடையதும் மூழ்கும். கடைசியில் சாவியின் மேல் ஒரு கனமான பொருளை வைத்துவிட்டு, பேட்டரி தீரும்வரை அப்படியே விட்டுவிட்டோம் என்று அதன் பொறியாளர் பிற்பாடு சொன்னார்.

மார்கோனி ஆட்களும் டி ஃபாரஸ்ட் ஆட்களும் பழைய முறைக்கே போனார்கள். கொடி காட்டுவது, கை காட்டுவது.

குறிப்பிட்ட அலைவரிசைக்கு மட்டும் கருவியை ட்யூன் செய்யும் முறைக்கு மார்கோனி 1900இலேயே பேட்டன்ட் எடுத்திருந்தார். அதன் எண் 7777. காகிதத்தில் இருந்த தீர்வு, கடலில் மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தியபோது உதவவில்லை. யார் எந்த அலைவரிசையில் பேசலாம் என்று சொல்ல அன்று சட்டமும் இல்லை. இன்று ஸ்பெக்ட்ரம் ஏலம், லைசென்ஸ் என்று அரசுகள் மல்லுக்கட்டும் பிரச்சினை அந்தப் படகுப் பந்தயத்தில் அப்படியே தெரிந்தது.

அதே ஆண்டு டிசம்பர் 12. கனடாவின் இன்றைய நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு பட்டத்தில் ஆன்டெனாவைக் கட்டிப் பறக்கவிட்டு, இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து வந்த மூன்று புள்ளிகளை, மோர்ஸில் 'எஸ்' என்ற எழுத்தை, கேட்டதாக மார்கோனி அறிவித்தார். உண்மையிலேயே கேட்டாரா என்று நிபுணர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். அன்று பயன்படுத்திய பாதரச உணர்கருவி இத்தாலியக் கடற்படை வழியாக வந்தது. அதே வகைக் கருவியை 1899இலேயே லண்டன் ராயல் சொசைட்டிக்கு விவரித்தவர் நம் ஜெகதீஷ் சந்திர போஸ். இந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

கடலை விட்டு வராத மனிதர்

நடுவில் வந்தவை வேகமாக: 1909இல் கார்ல் ஃபெர்டினான்ட் பிரவுனுடன் சேர்ந்து நோபல். 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது உதவி கேட்டுத் தட்டிய இருவரும் மார்கோனி கம்பெனி ஊழியர்கள். 700க்கும் மேற்பட்டோர் பிழைத்தார்கள். அதே ஆண்டு இத்தாலியில் கார் விபத்தில் மார்கோனியின் வலது கண் போனது.

1919இல் ஒரு நீராவிப் படகை வாங்கி 'எலெட்ரா' என்று பெயர் வைத்தார். வீடு, ஆபீஸ், ஆய்வுக்கூடம் எல்லாம் அதுதான். 1930இல் ஜெனோவா துறைமுகத்தில் அந்தப் படகில் இருந்தபடியே ஒரு சாவியை அழுத்தி, ஆஸ்திரேலியாவின் சிட்னி டவுன் ஹாலில் ஆயிரக்கணக்கான விளக்குகளை எரியவைத்தார். அதே வருடம் பிறந்த மகளுக்கும் எலெட்ரா என்றே பெயர்.

1922இல் பிபிசியை உருவாக்கிய நிறுவனங்களில் மார்கோனியுடையதும் ஒன்று. 1927இல் ஆக்ஸ்ஃபோர்டு-கேம்பிரிட்ஜ் படகுப் போட்டியின் பின்னால் ஒரு லாஞ்சில் டிரான்ஸ்மிட்டரை ஏற்றிக்கொண்டு போய் பிபிசி வர்ணனை செய்தது. கிங்ஸ்டவுனில் மோர்ஸ் தட்டிய அதே வேலை, இப்போது மனிதக் குரலில்.

சொல்லாமல் விட முடியாத பக்கம் ஒன்று. 1923இல் முசோலினியின் ஃபாசிஸ்ட் கட்சியில் மார்கோனி சேர்ந்தார். 1930இல் முசோலினி அவரை இத்தாலிய ராயல் அகாதெமியின் தலைவராக்கினார். 1935இல் எத்தியோப்பியா மீது இத்தாலி படையெடுத்தபோது அதை ஆதரித்துப் பேசினார். யாரும் கட்டாயப்படுத்தியதால் செய்தார் என்று சொல்ல இடமில்லை. தூரத்தில் இருக்கும் மனிதர்களை இணைத்தவர் என்று எழுதும் கட்டுரைகள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகின்றன.

1937 ஜூலை 20. ரோமில் மாரடைப்பால் மார்கோனி இறந்தார், வயது 63. கிங்ஸ்டவுன் ரெகாட்டா தொடங்கியதும் ஒரு ஜூலை 20தான், 39 வருடத்துக்கு முன்னால். இறுதிச் சடங்கு நாளில் பிரிட்டனிலும் வேறு பல நாடுகளிலும் வானொலி நிலையங்கள் ஒலிபரப்பை இரண்டு நிமிடம் நிறுத்திவைத்தன.