கே. எஸ். கிருஷ்ணன்

சர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் (டிசம்பர் 4, 1898 - ஜூன் 14, 1961) தமிழ்நாட்டைச் சேர்ந்த இயற்பியலாளர் ஆவார். பாடநூல்களில் இராமன் விளைவின் ஆய்வில் பங்கேற்றவராக மட்டுமே இவர் பெயர் இடம்பெறுகிறது. ஆனால் மின்புலத்திலும் காந்தப்புலத்திலும் பொருட்கள் காட்டும் சிறு மாற்றங்களை அளந்து, அவற்றுள் மூலக்கூறுகள் அமைந்துள்ள விதத்தை அறிந்ததே இவரது தனிப்பெரும் பணியாகும்.

பிறப்பும் கல்வியும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள வத்திராயிருப்பில் பிறந்தார். இன்று விருதுநகர் மாவட்டத்திலுள்ள இவ்வூர், அக்காலத்தில் தென்காசி, குற்றாலம் ஆகியவற்றைப் போலவே திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர் கல்கத்தா சென்று, 1923ல் சி. வி. இராமனின் ஆய்வுக்குழுவில் சேர்ந்தார்.

ஆய்வுகள்

1928ல் இராமன் விளைவு கண்டறியப்பட்ட சோதனைகளில் கிருஷ்ணன் உடனிருந்து உழைத்தார். அதை அறிவித்த முதற் கடிதத்திலும் இருவர் பெயரும் உள்ளன. 1930ஆம் ஆண்டின் நோபல் பரிசு இராமனுக்கு மட்டும் வழங்கப்பட்டது.

அதற்குச் சற்று முன்னரே, மின்புலத்தில் வைத்த நீர்மங்களின் ஒளியியல் பண்புகள் குறித்து இருவரும் ஒரு கோட்பாட்டை உருவாக்கியிருந்தனர். நீர்மத்தில் ஒரு மூலக்கூறின் மீது செயற்படும் புலம் எல்லாத் திசைகளிலும் ஒன்றாக இராது. அண்டை மூலக்கூறுகள் நெருங்கியிருக்கும் விதத்தைப் பொறுத்து அது மாறும் என்பதே அதன் சாரம்.

1928ன் இறுதியில் டாக்கா பல்கலைக்கழகம் சென்றபின் படிகங்களின் காந்தப்பண்பை ஆராய்ந்தார். இவரது முறை எளிமையானது. நாப்தலீன் போன்ற ஒரு பொருளின் சிறு படிகம், மெல்லிய குவார்ட்சு இழையில் காந்தப்புலத்தினுள் தொங்கவிடப்படும். இழையின் மேல்முனையைச் சிறிது சிறிதாக முறுக்கினால், ஒரு குறிப்பிட்ட கோணத்தில் படிகம் சட்டெனத் திரும்பிவிடும். அக்கோணத்திலிருந்து, படிகத்தின் காந்த ஏற்புத்திறன் திசைக்குத் திசை எவ்வளவு வேறுபடுகிறது எனக் கணக்கிடலாம். பென்சீன் வளையங்கள் கொண்ட மூலக்கூறுகளில், வளையத் தளத்திற்குச் செங்குத்தான திசையில் காந்த விளைவு மிக வலியது. ஆகவே அவ்வளவீட்டைக் கொண்டு, படிகத்தினுள் வளையங்கள் எப்பக்கம் சாய்ந்துள்ளன என்பதையும் கூற இயலும். எக்சு கதிர் வழியிலான அமைப்பாய்வு மிகுந்த உழைப்பைக் கோரிய அந்நாட்களில் இது பெருந்துணையாயிற்று. எக்சு கதிர்ப் படிகவியலாளரான கேத்லீன் லான்சுடேல் 1936ல் இவருடன் இணைந்து ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்.

வெளியிலிருந்து ஒரு புலத்தைச் செலுத்தி, உள்ளிருக்கும் மூலக்கூறின் மறுமொழியை அளக்கும் இவ்வழி, மாவுப்பொருள், கைட்டோசான் போன்ற உயிர்ப்பல்படிகளின் மென்படலங்களை ஆராய்வதிலும் காணப்படுகிறது. அங்கு காந்தப்புலத்திற்கு மாறாக மாறுதிசை மின்னழுத்தம் பயன்படுகிறது. அதிர்வெண்ணைக் கூட்டிக்கொண்டே சென்றால், ஒரு கட்டத்தில் மூலக்கூறின் இருமுனைகள் புலத்தின் வேகத்திற்கு ஈடுகொடுத்துத் திரும்ப முடியாமல் பின்தங்கும். அப்போது மின்னாற்றல் இழப்பு மிகுகிறது. அந்த அதிர்வெண்ணே மூலக்கூறு அசைவின் வேகத்தைக் காட்டுகிறது. இக்கோட்பாடு பீட்டர் டிபையினுடையது. கிருஷ்ணன் அளந்தது மூலக்கூறின் இருக்கை. இது அளப்பது அதன் அசைவு.

பிற்காலம்

1933ல் கல்கத்தா திரும்பினார். 1942 முதல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1947ல் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். 1940ல் இலண்டன் அரச கழக உறுப்பினராகத் தெரிவுசெய்யப்பட்டார். 1946ல் சர் பட்டமும் 1954ல் பத்ம பூசண் விருதும் பெற்றார். சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசு 1958ல் முதன்முதலாக இவருக்கே வழங்கப்பட்டது. இயக்குநர் பொறுப்பிலிருந்தபோதே 1961ல் காலமானார்.